சின்ன இடிதானே என்று கிளம்பிவிடாதீர்கள்

கெடாவில் கார் ஓட்டுகிறவர்களுக்குச் சின்ன விபத்துகள் எங்கே நடக்கும் என்று தெரியும். பீடோங் சமிக்ஞை விளக்கில் நிற்கும்போது பின்னால் வருகிறவர் பிரேக்கைத் தாமதமாக மிதிப்பார். சுங்கை பட்டாணி ஜாலான் இப்ராஹிமில் ஓரமாக நின்ற கார் திடீரென்று மூக்கை நீட்டும். பாடாங் செராய்ப் பக்கம் செம்பனைக் காட்டுக்குள்ளிருந்து செம்மண் பாதை வழியாக மோட்டார் சைக்கிள் ஒன்று பெரிய ரோட்டில் ஏறும். விடியற்காலைப் பனியில் அதன் விளக்கு கிட்ட வந்த பிறகுதான் தெரியும். சித்ரா பௌர்ணமிக்குச் சுங்கை பட்டாணி சுப்பிரமணியர் கோயிலைச் சுற்றிக் கார்கள் நெருக்கியடித்து நிற்கும்போது பம்பரோடு பம்பர் உரசாமல் வீடு திரும்புவதே பெரிய காரியம்.

இந்த அத்தியாயம் அப்படிப்பட்ட விபத்துகளைப் பற்றியது. பம்பர் நசுங்கியிருக்கும், விளக்கு உடைந்திருக்கும், யாருக்கும் பெரிய காயம் இருக்காது. பெரிய விபத்து என்றால் போலீசும் ஆம்புலன்சும் வந்துவிடும். செய்ய வேண்டியதை அவர்களே சொல்வார்கள். சின்ன விபத்தில் சொல்ல ஆள் இருக்காது. நம் ஆட்கள் கைக்காசை இழப்பதும், வராத பழியைத் தலையில் சுமப்பதும் பெரும்பாலும் இங்கேதான். காரணம் ஒன்றே ஒன்று: ரோட்டோரத்தில் வாயால் பேசி முடித்ததை முடிந்துவிட்டதாக நம்பிவிடுகிறோம்.

வண்டி நின்றவுடன்

முதலில் நில்லுங்கள். 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 52ஆம் பிரிவு விபத்தில் சிக்கிய ஓட்டுநர் நிற்க வேண்டும், உதவி தேவைப்படுகிறவருக்கு உதவ வேண்டும், 24 மணி நேரத்துக்குள் போலீசில் தெரிவிக்க வேண்டும் என்கிறது. யார்மீது தவறு என்பது இங்கே பேச்சே இல்லை. இடிபட்டவருக்கும் அதே கடமைதான்.

அபாய விளக்கைப் போடுங்கள். காரில் இருக்கும் பிள்ளைகளையும் பெரியவர்களையும் ரோட்டோரத்துக்கு அப்பால் நிறுத்துங்கள். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையாக இருந்தால் தடுப்புக் கம்பிக்கு வெளியே போய் நின்றுகொண்டு 1800-88-0000 என்ற பிளஸ் எண்ணை அழையுங்கள். ரோந்து வண்டி வந்து பின்னால் பாதுகாப்புக்கு நிற்கும். நெடுஞ்சாலையில் முதல் மோதலைவிட இரண்டாவது மோதல்தான் ஆளைக் கொல்கிறது. யாருக்காவது காயம் என்றால் 999. பலத்த காயம் என்றால் வண்டிகளை அசைக்காமல் போலீசுக்குக் காத்திருங்கள். காயம் இல்லையென்றால் படம் எடுத்த கையோடு வண்டியை ஓரங்கட்டலாம்.

படம் எடுப்பதில் பலர் அவசரப்படுகிறார்கள். உடைந்த இடத்தை மட்டும் கிட்டப்போய் எடுத்துவிட்டு முடித்துவிடுகிறார்கள். அந்தப் படத்தை வைத்து எந்த ரோடு, எந்தத் திசை, யார் எந்தத் தடத்தில் வந்தார் என்று எதையும் சொல்ல முடியாது. பத்துப் பதினைந்து அடி தள்ளி நின்று இரண்டு வண்டிகளும், ரோட்டுக் கோடும், சமிக்ஞை விளக்கோ பெயர்ப்பலகையோ ஒரே படத்தில் விழும்படி எடுங்கள். கண்ணாடித் துண்டுகள் சிதறிய இடத்தையும் சக்கரம் தேய்ந்த தடத்தையும் எடுங்கள். பிறகு எதிராளியின் வண்டியை நான்கு பக்கமும் சுற்றி எடுங்கள். இது முக்கியம். பின்பக்கம் மட்டும்தான் நீங்கள் இடித்தீர்கள்; ஒரு மாதம் கழித்து வரும் கணக்கில் பழைய கதவு நசுங்கலும் சேர்ந்திருந்தால், அன்றைக்கு எடுத்த படம்தான் உங்களுக்காகப் பேசும். டேஷ்கேம் இருந்தால் அந்தப் பதிவை அன்றைக்கே கைப்பேசிக்கு மாற்றிவிடுங்கள். நினைவட்டை நிறைந்ததும் கேமரா பழைய பதிவின்மேல் புதியதை எழுதிவிடும்.

எதிராளியின் பெயர், அடையாள கார்டு எண், கைப்பேசி எண், வண்டி எண், இன்சூரன்ஸ் நிறுவனம் ஆகியவற்றைக் கேட்டு வாங்குங்கள். 2023 பிப்ரவரியிலிருந்து தனியார் கார்களில் ரோட்டெக்ஸ் ஒட்ட வேண்டிய கட்டாயம் இல்லை என்பதால் கண்ணாடியைப் பார்த்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. மைஜேபிஜே செயலியைத் திறந்து காட்டச் சொல்லி அதையும் படம் எடுக்கலாம். கேட்கும் தொனியில் கவனம் இருக்கட்டும். அபாங், காக்கா, அங்கிள், அண்ணே என்று வயதுக்கும் இனத்துக்கும் ஏற்ற மரியாதையோடு, முதலில் “அடி ஏதும் பட்டதா?” என்று விசாரித்துவிட்டுக் கேட்டால் பத்தில் ஒன்பது பேர் மறுக்காமல் கொடுப்பார்கள்.

இரவு நேரத்தில், ஆளரவம் இல்லாத தோட்டப் பாதையில் யாராவது வேண்டுமென்றே பின்னால் தட்டியதுபோலத் தோன்றினால் இறங்க வேண்டாம். கதவைப் பூட்டிக்கொண்டு, 999ஐ அழைத்து நடந்ததைச் சொல்லிவிட்டு, நேராக அருகிலுள்ள போலீஸ் நிலையத்துக்கு ஓட்டிச் சென்று அங்கேயே ரிப்போர்ட் எழுதுங்கள். கூட்டம் கூடி அடிக்க வருகிற நிலைமைக்கும் இதுவே வழி. தப்பி ஓடியவருக்கும் போலீஸ் நிலையத்துக்குப் போனவருக்கும் உள்ள வித்தியாசத்தைச் சட்டம் அறியும்.

“செட்டல் பண்ணிக்கலாம்”

இந்தப் பேச்சு கட்டாயம் வரும். “தம்பி, போலீசெல்லாம் எதுக்கு? போனா ஆளுக்கு முன்னூறு வெள்ளி சம்மன். நம்மாளுங்கதானே, ஒர்க்‌ஷாப்புல காட்டிட்டு பில்லை அனுப்புங்க, நான் குடுத்துர்றேன்.” சொல்கிறவர் அந்த நிமிடத்தில் மனதாரத்தான் சொல்வார். வீட்டுக்குப் போய், மனைவியிடம் பேசி, மச்சானிடம் கேட்டு, பில்லில் உள்ள தொகையைப் பார்த்ததும்தான் மனம் மாறும். கைப்பேசியை எடுக்க மாட்டார். அதைவிட மோசமாக, அவரே முந்திக்கொண்டு போலீசில் போய் நீங்கள்தான் இடித்தீர்கள் என்று எழுதிவைத்திருப்பார். நீங்கள் 24 மணி நேரம் தாண்டிய பிறகு போய் நிற்கும்போது, ஏன் தாமதம் என்ற கேள்விக்கு முதலில் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

மோட்டார் சைக்கிள்காரர் விஷயத்தில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். விழுந்த பையன் எழுந்து காலை உதறிக்கொண்டு “ஒன்னும் இல்லண்ணே” என்பான். நூறு வெள்ளியைக் கையில் வைத்து அனுப்பிவிடுவோம். இரண்டு நாள் கழித்து முழங்கால் வீங்கி ஆஸ்பத்திரியில் படுத்தால், அப்போது அவன் வீட்டார் எழுதும் ரிப்போர்ட்டில் நீங்கள் மோதிவிட்டு நிற்காமல் போனவராக இருக்கலாம். காயத்துக்கு இழப்பீடு கேட்டு வழக்குப் போட அவனுக்கு ஆறு ஆண்டு அவகாசம் உண்டு. ஆள் காயம் என்றால் ரோட்டோரத்தில் செட்டல் என்ற பேச்சுக்கே இடம் கொடுக்கக் கூடாது. அது என் உறுதியான கருத்து.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் இன்சூரன்ஸ் பாலிசியிலேயே ஒரு நிபந்தனை இருக்கிறது: நிறுவனத்தின் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் நீங்கள் தவறை ஒப்புக்கொள்ளவோ, பணம் தருவதாக வாக்குக் கொடுக்கவோ கூடாது. ஆகவே “என் தப்புதாண்ணே, எல்லாச் செலவும் நான் ஏத்துக்கிறேன்” என்று வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். மன்னிப்புக் கேட்பது மனிதத்தன்மை; அதில் தவறில்லை. செலவை ஏற்பதாக எழுதிக் கொடுப்பது வேறு.

வெறும் கீறல், இருவருக்கும் காயம் இல்லை, தொகையும் சிறியது, இருவருமே பேசி முடிக்க விரும்புகிறீர்கள் என்றால் அதற்கும் ஒரு முறை உண்டு. இருவரும் ரிப்போர்ட் எழுதிவிடுங்கள்; பணம் கொடுப்பவர் தன் இன்சூரன்ஸ் நிறுவனத்தின் சம்மதத்தையும் வாங்கிக்கொள்ளட்டும். பிறகு ஒரு தாளில் தேதி, இடம், இரண்டு வண்டி எண்கள், இருவர் பெயரும் அடையாள கார்டு எண்களும், தொகை, இந்த விபத்தின் வாகனச் சேதம் தொடர்பாக இனி ஒருவர்மேல் ஒருவர் கோரிக்கை வைக்க மாட்டோம் என்ற வரி ஆகியவற்றை எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். பணத்தை ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி வழியாக அனுப்புங்கள். யார் யாருக்கு எப்போது கொடுத்தார் என்பது தானாகவே பதிவாகிவிடும்.

போலீஸ் கவுண்டரில்

எந்தப் போலீஸ் நிலையத்திலும் ரிப்போர்ட் எழுதலாம். விசாரணை மட்டும் விபத்து நடந்த மாவட்டத்துப் போக்குவரத்துப் பிரிவுக்குப் போகும். பீடோங்கிலோ குரூணிலோ தீக்காம் பத்துவிலோ நடந்தால் கோல மூடா மாவட்டம். அதன் தலைமையகம் சுங்கை பட்டாணியில். பாடாங் செராய், லூனாஸ், மாஹாங் என்றால் கூலிம். கோல கெட்டில் என்றால் பாலிங். ஜித்ரா என்றால் குபாங் பாசு. பினாங்கு வேலைக்குப் போய்வருகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மூடா ஆற்றுப் பாலத்தைத் தாண்டிவிட்டால் அது பினாங்கு மாநிலம், விசாரணை செபராங் பிறை உத்தாரா போலீசுக்குப் போய்விடும். பாலத்துக்கு எந்தப் பக்கம் நடந்தது என்பதைச் சரியாகச் சொல்லாவிட்டால் கோப்பைத் தேடி இரண்டு மாநிலத்துக்கும் அலைய நேரும்.

அடையாள கார்டு, லைசென்ஸ், வண்டி மூன்றும் கூடப் போக வேண்டும். கவுண்டரில் இருப்பவர் மலாயில் கேட்டுக்கேட்டுக் கணினியில் தட்டுவார். அச்செடுத்துக் கையெழுத்துக்கு நீட்டுவார். பின்னால் வரிசை நிற்கும். அந்த அவசரத்தில் படிக்காமல் கையெழுத்துப் போடுவதுதான் நம்மவர்கள் செய்யும் பெரிய தவறு. தோட்டத்திலேயே வளர்ந்து தமிழ்ப் பள்ளியோடு படிப்பை நிறுத்திய பெரியவர்கள் பலருக்கு மலாய் பேச வரும், படிக்கத் தயக்கம். வெட்கப்பட ஒன்றுமில்லை, மகளையோ பக்கத்து வீட்டுப் பையனையோ அழைத்துப் போங்கள். வரிவரியாகப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். தேதி, நேரம், எங்கிருந்து எங்கே போனீர்கள், எந்தத் தடம், விளக்கு என்ன நிறம், யார் வண்டி யார் வண்டியின் எந்தப் பகுதியில் மோதியது, கூட யார் இருந்தார்கள், வலி இருக்கிறதா என்ற எட்டு விவரமும் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். தவறு இருந்தால் அங்கேயே திருத்தச் சொல்லுங்கள். பிறகு வந்து இரண்டாவது ரிப்போர்ட் எழுதலாம்தான்; ஆனால் இரண்டு ரிப்போர்ட்டுக்கும் இடையே உள்ள வித்தியாசம் உங்கள் சொல்லின்மேல் சந்தேகத்தைக் கிளப்பும்.

தெரியாததை ஊகித்துச் சொல்லாதீர்கள். எத்தனை கிலோமீட்டர் வேகத்தில் வந்தீர்கள் என்று உறுதியாகத் தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல்லுங்கள். கழுத்திலோ முதுகிலோ சின்ன வலி இருந்தால்கூட அதை எழுதச் சொல்லுங்கள். அன்றைக்கே அரசாங்க கிளினிக்கிலோ சுங்கை பட்டாணி சுல்தான் அப்துல் ஹாலிம், அலோர் ஸ்டார் சுல்தானா பஹியா போன்ற அரசு ஆஸ்பத்திரிகளிலோ காட்டிப் பதிவு செய்துவிடுங்கள். பின்னால் வந்த கார் இடித்த கழுத்துவலி பெரும்பாலும் மறுநாள்தான் வேலையைக் காட்டும்.

ரிப்போர்ட் எழுதியதும் விசாரணை அதிகாரி வண்டியின் சேதத்தைப் படம் எடுப்பார். அது முடியாமல் வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விடாதீர்கள். அதிகாரியின் பெயர், தொலைபேசி எண், ரிப்போர்ட் எண் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். விசாரணையில் தவறு உங்கள்மீது என்று முடிவானால் 1959ஆம் ஆண்டுப் போக்குவரத்து விதிகளின் 10ஆவது விதியின்கீழ் சம்மன் வரும். 300 வெள்ளி வரை. அதைக் கட்டிவிட்டால் தவறை ஏற்றுக்கொண்டதாகவே இன்சூரன்ஸ் தரப்பு எடுத்துக்கொள்ளும். உண்மையிலேயே உங்கள்மீது தவறில்லை என்றால், சங்கடம் தீர்ந்தால் போதும் என்று கட்டிவிடாதீர்கள், நீதிமன்றத்தில் மறுக்கலாம்.

யார் இன்சூரன்சில் கேட்பது?

முதலில் உங்களிடம் இருப்பது என்ன பாலிசி என்று தெரிய வேண்டும். பழைய கஞ்சிலும் சாகாவும் வைத்திருக்கும் பலர் மலிவு என்பதற்காக மூன்றாம் தரப்பு பாலிசி மட்டும் எடுத்திருப்பார்கள். அது நீங்கள் இடித்த அடுத்தவர் வண்டிக்கும் ஆளுக்கும்தான் பணம் கொடுக்கும். உங்கள் காருக்கு ஒரு சென்னும் வராது. அடுத்தவர் இடித்தால் அவருடைய நிறுவனத்திடம் நீங்கள் கேட்கலாம். அதற்கு அவர்மீதுதான் தவறு என்ற போலீஸ் விசாரணை முடிவு, போலீஸ் வரைந்த விபத்துப் படம், இரண்டு ரிப்போர்ட்டுகளின் நகல்கள் எல்லாம் வேண்டும். ரிப்போர்ட் எழுதாதவருக்கு இந்தக் கதவு திறக்காது.

முழுக் காப்பீடு இருந்தால் மூன்று வழிகள். தவறு உங்களுடையது, அல்லது மரத்திலோ மாட்டிலோ மோதிவிட்டீர்கள் என்றால் உங்கள் நிறுவனத்திடமே சொந்தச் சேதக் கோரிக்கை வைக்கலாம், ஆனால் கோரிக்கை வைக்காத ஆண்டுகளுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் என்.சி.டி. கழிவு போய்விடும். தவறு எதிராளியுடையது, இரண்டுமே முழுக் காப்பீடு உள்ள தனியார் கார்கள் என்றால் உங்கள் நிறுவனத்திடமே ‘நாக் ஃபார் நாக்’ முறையில் கேட்கலாம். வேலை சீக்கிரம் முடியும், என்.சி.டி.யும் போகாது. எதிராளி லோரியோ மோட்டார் சைக்கிளோ என்றால் அந்த முறை பொருந்தாது. அவருடைய நிறுவனத்திடம் மூன்றாம் தரப்புக் கோரிக்கை வைக்க வேண்டும். அதற்கு நாள் பிடிக்கும். ஆனால் பழுதுபார்க்கும் நாட்களில் கார் இல்லாமல் இருந்ததற்கும் ஒரு தொகை கேட்கலாம்.

என்.சி.டி. கழிவு உங்கள் சேமிப்பு. அதன் மதிப்பை யாரும் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை. தனியார் காருக்கு முதல் ஆண்டு கோரிக்கை இல்லாவிட்டால் 25 விழுக்காடு, பிறகு 30, 38.33, 45, கடைசியாக 55. உங்கள் காரின் அடிப்படைப் பிரீமியம் 1,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். 55 விழுக்காடு கழிவில் 450 கட்டுகிறீர்கள். உங்கள் தவறால் ஒரு கோரிக்கை வைத்தால் அடுத்த ஆண்டு முழு 1,000 கட்ட வேண்டும். அதற்கடுத்து 750, 700, 616.70, 550; ஆறாவது ஆண்டுதான் மறுபடி 450க்கு வருவீர்கள். கூடுதலாகக் கட்டியதைக் கூட்டிப் பாருங்கள்: 550, 300, 250, 166.70, 100. மொத்தம் 1,366 வெள்ளி 70 சென். ஆகவே உங்கள் தவறால் வந்த 800 வெள்ளி பம்பர் வேலைக்கு இன்சூரன்சை நாடுவது நஷ்டம். 6,000 வெள்ளி வேலைக்கு நாடாமல் இருப்பதும் நஷ்டம். ஒர்க்‌ஷாப்பில் மதிப்பீடு வாங்கி, உங்கள் பிரீமியத்தை வைத்து இதே கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். அடுத்தவர் உங்கள் பாலிசியின் மேல் கோரிக்கை வைத்தாலும் கழிவு போய்விடும் என்பதையும் கணக்கில் சேருங்கள். செம்பனை லோரியிலிருந்து தெறித்த கல் முன்கண்ணாடியை உடைத்தால், கண்ணாடிக்கென்று தனிக் காப்பு எடுத்திருந்தால் போதும். அதில் கேட்டால் கழிவுக்குச் சேதம் இல்லை.

கார் பழையது என்றால் இன்னொரு கழிப்பு உண்டு. ஐந்து ஆண்டு ஆன காரில் பழைய பாகத்தை எடுத்துவிட்டுப் புதுப் பாகம் போட்டால் அதன் விலையில் 15 விழுக்காட்டை நீங்கள் ஏற்க வேண்டியிருக்கும். ஆண்டுக்கு ஆண்டு ஏறி, பத்து ஆண்டும் அதற்கு மேலும் ஆன காருக்கு அது 40 விழுக்காடு. பில்லைப் பார்த்து ஏமாற்றுகிறார்கள் என்று ஒர்க்‌ஷாப்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்கள் இதை அறிய வேண்டும். ஓட்டியவர் 21 வயதுக்குக் கீழே, பி லைசென்ஸ்காரர், அல்லது பாலிசியில் பெயர் இல்லாதவர் என்றால் முதல் 400 வெள்ளி உங்கள் கையிலிருந்து போகும்.

காயம் இல்லாமல் நடமாட முடிகிற நிலையில் இருந்தால் 7 நாட்களுக்குள் நிறுவனத்துக்குத் தெரிவித்துவிடுங்கள். ஆஸ்பத்திரியில் படுத்திருந்தால் 30 நாட்கள். கோரிக்கை வைக்கப் போவதில்லை என்றாலும் தகவல் மட்டும் கொடுத்து வைப்பது நல்லது. எதிராளி பிறகு உங்கள்மேல் கேட்டால் அது கைகொடுக்கும். நிறுவனம் அநியாயமாக மறுத்தால் முதலில் அவர்களிடமே எழுத்தில் புகார் செய்யுங்கள். அதிலும் தீராவிட்டால் 2025 ஜனவரியிலிருந்து இயங்கும் நிதிச் சந்தைகள் குறைதீர் சேவை இருக்கிறது, கட்டணம் கிடையாது. எதிராளிக்கு இன்சூரன்சே இல்லையென்றால் வாகனச் சேதத்துக்கு அவர்மேல் நேரடியாகச் சிறு கோரிக்கை வழக்குப் போடலாம். வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை.

தோட்டத்துக்குள் நடந்தால்

இது கெடா தோட்டங்களில் இருப்பவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது. பொதுமக்கள் போய்வரக்கூடிய பாதை சட்டப்படி சாலைதான். ஆனால் தனியார் பராமரிக்கும் தனியார் பாதையைச் சட்டத்தின் விளக்கம் சாலை என்ற சொல்லுக்குள் சேர்க்கவில்லை. செம்பனைக் குலை ஏற்றும் டிராக்டர் ஓடும் உள்பாதையில் உங்கள் கார் மோதினால், இது சாலையே அல்ல என்று ஒரு தரப்பு வாதாட இடம் இருக்கிறது. கோயிலுக்கும் தமிழ்ப் பள்ளிக்கும் வெளியார் தினமும் போய்வருகிற பாதை என்றால் எதிர்வாதம் வலுவாக இருக்கும். அதனால் தோட்டத்துக்குள்தானே என்று விட்டுவிடாமல் போலீஸ் ரிப்போர்ட் எழுதுங்கள். தோட்ட ஆபீசிலும் அன்றைக்கே தெரிவித்து எழுத்தில் ஓர் அத்தாட்சி வாங்குங்கள். பாதையில் கேட் இருக்கிறதா, காவலர் வெளியாரைத் தடுக்கிறாரா, வெளியார் வண்டிகள் ஓடுகின்றனவா என்பதைக் காட்டும் படங்களையும் எடுத்து வையுங்கள். கிராணியும் மண்டோரும் சமாதானம் பேசி வைத்தார்கள் என்பது தோட்டத்து வழக்கம். இன்சூரன்ஸ் நிறுவனத்தின் முன் அது செல்லாது.

வேலைக்குப் போகும் வழியில் அடிபட்டவர்கள் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவை மறந்துவிடுகிறார்கள். 1969ஆம் ஆண்டுத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் வீட்டிலிருந்து வேலைக்கும் வேலையிலிருந்து வீட்டுக்கும் போகும் பயண விபத்தும் வேலை விபத்தாகவே கணக்கு. விடியலில் பால் வெட்டப் போகிறவருக்கும் கூலிம் தொழிற்பேட்டைக்கு ஷிப்ட் போகிறவருக்கும் இது ஒன்றுதான். 2019 முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களும் இதில் அடக்கம். முதலாளி 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். நான்கு நாளும் அதற்கு மேலும் டாக்டர் விடுப்பு கொடுத்திருந்தால் சராசரிக் கூலியில் 80 விழுக்காடு கிடைக்கும். வேலைக்குப் போகும் வழியை விட்டு மார்க்கெட்டுக்குத் திரும்பிய இடத்தில் விழுந்தால் மறுப்பார்கள். ஆகவே போலீஸ் ரிப்போர்ட்டில் “வேலைக்குப் போகும் வழியில்” என்ற விவரமும், புறப்பட்ட இடமும் போகும் இடமும் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓட்டியவர் பெயரை மாற்றாதீர்கள்

லைசென்ஸ் இல்லாத மகன் காரை எடுத்துக்கொண்டு போய் இடித்துவிட்டான். அப்பா ஓட்டியதாக எழுதிவிடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். பெற்ற பாசத்தில் அப்பாவும் சம்மதிப்பார். தயவுசெய்து செய்யாதீர்கள். அரசு ஊழியரிடம் பொய்த் தகவல் கொடுப்பது தண்டனைச் சட்டத்தின் 182ஆம் பிரிவின்படி குற்றம். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டிய மகனோடு சேர்ந்து அப்பாவும் குற்றவாளி ஆவார். கடைக் கேமராவிலோ எதிராளியின் டேஷ்கேமிலோ மகன் முகம் பதிவாகியிருந்தால் அந்த ரிப்போர்ட் நிற்காது. லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டிய காருக்கு இன்சூரன்ஸ் பணம் வராது என்பது கசப்பான உண்மைதான். பணம் போனதோடு நிற்கட்டும்.

இழுவை வண்டியும் புரோக்கரும்

நீங்கள் கூப்பிடாமலே இழுவை லோரி வந்து நின்றால் சாவியைக் கொடுக்காதீர்கள். கொக்கியை மாட்டிவிட்ட பிறகு விலை பேசுவார்கள். தெரியாத ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் விட்டுவிட்டு நிறுத்திவைத்த வாடகை என்று நாள் கணக்கில் கேட்பார்கள். பாலிசியில் இருக்கும் உதவி எண்ணை அழைத்தால் நிறுவனமே வண்டி அனுப்பும். முழுக் காப்பீட்டில் பழுதுபார்க்க நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற ஒர்க்‌ஷாப்தான் வேண்டும். சுங்கை பட்டாணியில் எது, கூலிமில் எது என்று அவர்களே சொல்வார்கள்.

வெற்றுப் படிவத்தில் கையெழுத்துக் கேட்பவரிடம் ஜாக்கிரதை. “எல்லாத்தையும் நான் பாத்துக்கிறேன், நீங்க இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க” என்று சொல்லும் புரோக்கர் ஆஸ்பத்திரி வாசலிலும் வருவார். உங்கள் பெயரில் எவ்வளவு கேட்கப்பட்டது, எவ்வளவு வந்தது என்பதே உங்களுக்குத் தெரியாமல் போகும். காயத்துக்கு வழக்குப் போட வேண்டுமென்றால் வழக்கறிஞர் அலுவலகத்துக்கு நீங்களே நேரில் போங்கள். தோட்டத்துப் பெரியவர்களுக்கு இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். கைநாட்டு வாங்கிக்கொண்டு போனவரைப் பிறகு தேடிக் கண்டுபிடிப்பது கடினம்.

வண்டி வேலை முடிந்து வந்ததும் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். சாயம் ஒத்திருக்கிறதா, கதவு இடைவெளி சமமாக இருக்கிறதா, விளக்குகள் எரிகின்றனவா என்று பார்த்த பிறகே திருப்திப் படிவத்தில் கையெழுத்திடுங்கள்.

இதைப் படித்து முடித்த கையோடு ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் பாலிசியை எடுத்து அது முழுக் காப்பீடா மூன்றாம் தரப்பா, யார் யார் பெயர் இருக்கிறது, உதவி எண் என்ன என்று பாருங்கள். அந்த எண்ணை உங்கள் கைப்பேசியிலும், காரை எடுக்கும் மனைவி பிள்ளைகளின் கைப்பேசியிலும் போட்டுவையுங்கள். பாலிசி எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை என்றால் நாளைக் காலையில் முகவரைக் கூப்பிட்டு ஒரு நகல் கேளுங்கள்.